பலகையில் இரண்டு வரி: அயர்லாந்தின் ஊர்ப்பெயர்களைப் படிப்பது எப்படி?

அயர்லாந்துக் குடியரசில் பெரும்பாலான சாலைகளில் வழிகாட்டிப் பலகையில் ஊர்ப்பெயர் இரண்டு வரியாக இருக்கும். மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷ், கீழே நேரான பெரிய எழுத்தில் ஆங்கிலம். இரண்டுக்கும் ரோமன் எழுத்துதான். புதிதாகப் போகிறவர் கீழ் வரியைப் படித்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விடுவார். மேல் வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'பி'க்குப் பக்கத்தில் எதற்கு ஓர் 'எச்'? சின்ன 'என்'னுக்குப் பின்னால் எப்படிப் பெரிய 'ஜி' வந்தது? உயிரெழுத்தின் தலையில் ஏன் ஒரு கோடு? ஒன்றும் புரியாது.

கீழ் வரி மேல் வரியின் மொழிபெயர்ப்பு என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. ஊர்க்காரர்கள் சொன்ன ஐரிஷ் பெயரை எழுத்தர் ஒருவர் காதால் கேட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்தது அது. ஒலி ஏதோ ஓரளவு தப்பித்தது, பொருள் போய்விட்டது. சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகும் 'கில்லார்னி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது வெறும் சத்தம். முதல் நாலு எழுத்தைப் பார்த்து 'கொல்' என்று பொருள் எடுத்துச் சிரிப்பவர்களும் உண்டு. ஐரிஷில் அது 'கில் ஆர்னி'. 'கில்' என்றால் தேவாலயம், 'ஆர்னி' என்பது ஸ்லோ எனப்படும் கறுப்புக் காட்டுப் பழம். அந்தப் பழப்புதர்கள் சூழ்ந்த தேவாலயம் இருந்த இடம், அவ்வளவுதான்.

தலைநகரமே இந்த விதிக்கு அடங்காது, அதை முதலில் சொல்லிவிடலாம். டப்ளினுக்குப் பலகையில் ஐரிஷ் பெயர் 'பால்யா ஆஹா க்ளீயா'. பேச்சு வேகத்தில் 'ப்ளா க்ளீயா' ஆகிவிடும். 'பால்யா' ஊர், 'ஆஹா' ஆற்றைக் கடக்கும் துறை, 'க்ளீயா' கிளைகளைப் பின்னிச் செய்த தட்டி. லிஃபி ஆற்றில் ஆழம் குறைந்த இடத்தில் தட்டிகளைப் பரப்பி அதன் மேல் நடந்து கடந்தார்கள். அந்தத் துறையை ஒட்டிய ஊர் இது. சரி, 'டப்ளின்' எங்கிருந்து வந்தது? அதுவும் ஐரிஷ்தான். 'துவ் லின்' என்றால் கரிய குளம். போடில் என்ற சிற்றாறு லிஃபியில் சேரும் இடத்தில் அந்தக் குளம் இருந்தது. இப்போது அது டப்ளின் கோட்டைக்குள் ஒரு புல்தரைத் தோட்டம். 841இல் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து கப்பல்களை நிறுத்தித் தங்கியது இந்தக் குளத்தை ஒட்டித்தான். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு இரண்டு ஐரிஷ் பெயர். ஆங்கிலம் ஒன்றை எடுத்துக்கொண்டது, ஐரிஷ்காரர்கள் மற்றொன்றை வைத்துக்கொண்டார்கள்.

பெயருக்குள் என்ன இருக்கிறது?

அயர்லாந்தில் ஊர் என்று நாம் சொல்வதற்குக் கீழே இன்னொரு அலகு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டவுன்லேண்ட்' என்பார்கள். பெயரில் டவுன் இருக்கிறதே என்று கடைத்தெருவைத் தேட வேண்டாம். சில வயல்கள், ஒரு மேட்டுநிலம், நாலைந்து வீடுகள், சில இடங்களில் வீடே இல்லை. தீவு முழுவதும் இப்படிச் சுமார் 61,000 டவுன்லேண்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, அதில் மிகப் பெரும்பாலானவை ஐரிஷ். கிராமப்புறத்தில் நெடுங்காலம் வீட்டுக்கு எண் கிடையாது. ஆள் பெயரும் டவுன்லேண்ட் பெயரும் போட்டால் கடிதம் போய்ச் சேரும். வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு வந்தது 2015இல்தான்.

இத்தனை பெயர்களையும் திரும்பத் திரும்ப வரும் சில டஜன் சொற்களால் கட்டியிருக்கிறார்கள். பலகையின் கீழ் வரியில் 'நாக்' என்று தொடங்கினால் குன்று, 'டிரம்' மேட்டு விளிம்பு, 'கேரிக்' பாறை, 'க்ளென்' பள்ளத்தாக்கு, 'க்ளோன்' புல்வெளி, 'ஸ்லீவ்' மலை, 'இனிஷ்' அல்லது 'என்னிஸ்' தீவு அல்லது ஆற்றோரத் தாழ்நிலம். பின்னால் 'மோர்' என்று முடிந்தால் பெரியது, 'பெக்' என்றால் சின்னது, 'டஃப்' கறுப்பு, 'ரோ' செம்மை. 'ஷான்' முன்னால் வந்தால் பழையது. இந்தப் பத்துப் பன்னிரண்டை மனதில் வைத்துக்கொண்டாலே ஒரு பேருந்துப் பயணம் முழுக்கப் பொழுது போகும்.

மரங்கள்தான் இதில் எனக்குப் பிடித்தவை. 'டெர்ரி' என்றால் ஓக் மரத்தோப்பு. வடக்கில், அதாவது பிரிட்டனோடு இணைந்திருக்கும் வட அயர்லாந்தில், அந்தப் பெயரில் இருக்கும் நகரத்துக்கு 1613இல் ஓர் அரச சாசனம் 'லண்டன்' என்ற முன்னொட்டைச் சேர்த்தது. அங்கே குடியேற்றத்துக்குப் பணம் போட்டவை லண்டன் வணிகக் குழுக்கள். இன்றைக்கும் ஒருவர் 'டெர்ரி' என்கிறாரா, 'லண்டன்டெர்ரி' என்கிறாரா என்பதை வைத்து அவருடைய அரசியலை ஊகிக்கப் பார்ப்பார்கள். இந்தச் சண்டைக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு தோப்பு! யூ மரத்தையும் பாருங்கள். 'மேயோ' என்பது யூ மரச் சமவெளி, கார்க் மாவட்டத்து 'யால்' யூ மரக்காடு, எல்லையோர நகரமான 'நியூரி' யூ மரம் என்ற சொல்லேதான். மூன்று பெயருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒற்றுமையே தெரியாது. ஐரிஷில் எழுதினால் மூன்றும் ஒரே மரத்தின் பெயரைச் சுற்றி வருவது புரியும்.

'ராத்', 'லிஸ்' இரண்டும் வட்டமான மண்கரை போட்டுக் காத்த பழைய குடியிருப்புகள். வயல் நடுவே அந்த மண்வளையங்கள் ஆயிரக்கணக்கில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் மாயத் தேவதைகள் குடியிருப்பதாக ஊரில் ஒரு பயம் உண்டு, அதனால் உழவர்கள் கலப்பையை அங்கே கொண்டுபோகத் தயங்கினார்கள். 'டன்', 'டவுன்' (நகரம் என்ற டவுன் அல்ல) என்று வருவது அதைவிடப் பலமான கோட்டை.

ஒரே உடை, வேறு ஆள்

இனிமேல்தான் சிக்கல். ஆங்கில எழுத்தர் காதில் ஒன்றுபோல் விழுந்த சொற்கள் ஐரிஷில் வேறு வேறாக இருந்தன.

'கில்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'சி, ஐ, இரண்டு எல்' என்று எழுதும் சொல் தேவாலயம். 'சி, ஓ, ஐ, இரண்டு எல்' என்று எழுதும் சொல் காடு. காதில் விழும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கவான் மாவட்டத்துக் 'கில்மோர்' பெரிய தேவாலயம். கால்வே மாவட்டத்துக் 'கைல்மோர்' பெரிய காடு. அங்கே ஏரிக்கரையில் இப்போது ஒரு கன்னிமாடம் இருப்பதால் தேவாலயம் என்றே பலர் நினைத்துக்கொள்வார்கள், ஆனால் பெயர் அந்தக் கட்டடத்தைவிட மிகப் பழையது. 'கில்' என்று தொடங்கும் டவுன்லேண்ட் பெயரை ஆங்கில வடிவத்தில் மட்டும் பார்த்துவிட்டு எந்தப் பண்டிதரும் சத்தியம் செய்ய மாட்டார். பழைய ஆவணம் வேண்டும், உள்ளூர்க்காரர் உச்சரிப்பு வேண்டும், பாழடைந்த சுவர் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

'பாலி' இன்னும் மோசம். வடக்கில் உள்ள 'பாலிமீனா'வில் அது ஊர். முழுப்பெயர் நடு ஊர். மேயோ மாவட்டத்துப் 'பலினா'வில் அது 'பேல் அன் ஆஹா', அதாவது ஆற்றுத்துறையின் வாய். டனிகால் மாவட்டத்துப் 'பாலிபோஃபே'யில் அது 'பலஹ்', மலைகளுக்கு நடுவே போகும் வழி. மூன்றுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டுப் போய்விட்டார் எழுத்தர். 'பெல்ஃபாஸ்ட்' மட்டும் எப்படியோ 'பாலி' ஆகாமல் தப்பித்தது. அது 'பேல் ஃபெர்ஷ்டே', மணல்திட்டின் வாய்.

ஒட்டிக்கொண்ட எழுத்தின் கதையும் உண்டு. ஐரிஷில் 'அன்' என்பது ஆங்கிலத்தின் 'தி' மாதிரி பெயருக்கு முன்னால் வரும். 'ஈனஹ்' என்றால் சந்தை, திருவிழாக் கூட்டம். 'அன் ஈனஹ்' என்று சொன்னதில் 'அன்'னின் கடைசி எழுத்து நகர்ந்து ஊர்ப்பெயருக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, திப்பரேரி மாவட்டத்து 'நீனா' பிறந்தது. மேலே சொன்ன நியூரியின் 'ந'வும், டப்ளினுக்கு வடக்கே இருக்கும் 'நால்' என்ற சிற்றூரின் 'ந'வும் இப்படி வழிதவறி வந்தவைதான். 'நால்' உண்மையில் 'அன் ஆல்', பாறைச்சரிவு.

டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவைச் சொல்லாமல் விட மனமில்லை. தீயிலிருந்து எழும் பறவைக்கும் அந்தப் பூங்காவுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே இருந்த ஊற்றுக்குப் பெயர் 'ஃபின் இஷ்கே', தெளிந்த நீர். விஸ்கி என்ற சொல்லின் தாயும் இதே 'இஷ்கே'தான். 'ஃபின் இஷ்கே' ஆங்கிலேயர் காதில் 'ஃபீனிக்ஸ்' என்று விழுந்தது. 1747இல் பறவை உட்கார்ந்த தூண் ஒன்றையே அங்கே நட்டார்கள். தப்பாகக் கேட்ட ஒரு சொல்லுக்குக் கல்லில் சாட்சி. தூண் இன்னும் நிற்கிறது.

எல்லாப் பெயரும் ஐரிஷிலிருந்து வந்ததில்லை. வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட், விக்லோ மூன்றும் வைக்கிங்குகள் தங்கள் நார்ஸ் மொழியில் வைத்தவை. அவற்றுக்கு ஐரிஷில் முற்றிலும் வேறு பெயர்கள். டப்ளினுக்கு மேற்கே லிஃபிக் கரையில் 'லெய்க்ஸ்லிப்' இருக்கிறது. நார்ஸில் அது சால்மன் மீனின் தாவல். இதன் ஐரிஷ் பெயர் அதே பொருளில் 'லேம் அன் வ்ராதான்'. இங்கே ஐரிஷ்தான் மொழிபெயர்ப்பு.

நில அளவையும் ஓடோனவனும்

இந்த ஆங்கில வடிவங்கள் எப்போது உறைந்து போயின? பல நூற்றாண்டுகளாகவே வரிக் கணக்கிலும் நிலப் பட்டாக்களிலும் ஆளுக்கொரு விதமாக எழுதி வந்தார்கள். ஒரே டவுன்லேண்டுக்குப் பத்து எழுத்துக்கூட்டல் இருப்பது சாதாரணம். 1824இல் பிரிட்டிஷ் அரசு அயர்லாந்து முழுவதையும் அளக்க முடிவு செய்தது. நிலத்துக்கு நியாயமான வரி போட வேண்டும் என்பது காரணம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில், ஒவ்வொரு டவுன்லேண்டின் எல்லையையும் காட்டும் வரைபடம். வரைபடம் என்றால் பெயர் எழுத வேண்டும். எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது?

அதற்காக 1830இல் வேலைக்கு வந்தவர் ஜான் ஓடோனவன். கில்கென்னி மாவட்டத்துக்காரர், பழைய ஐரிஷ் சுவடிகளைப் படிக்கத் தெரிந்தவர். மாவட்டம் மாவட்டமாகப் போனார், பெரும்பாலும் நடந்தே. கையில் பெயர்ப் புத்தகங்கள். ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் பழைய ஆவணங்களில் கண்ட வடிவங்களை அதில் குறித்திருப்பார்கள். ஓடோனவன் அந்தந்த ஊரில் ஐரிஷ் பேசும் முதியவரைப் பிடித்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அது எந்தச் சொற்களால் ஆனது என்று யோசித்து, ஐரிஷ் வடிவத்தைப் புத்தகத்தில் எழுதுவார். அப்புறம் அதற்கு நெருக்கமான ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தெடுப்பார். வரைபடத்தில் ஏறியது ஆங்கில வடிவம் மட்டும். ஐரிஷ் வடிவம் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

இந்த வேலையை, ஊரின் பெயரைப் பிடுங்கிய வேலை என்று திட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் காலத்தைப் பார்க்க வேண்டும். 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. செத்தவர்களும் கப்பலேறியவர்களும் அதிகம் ஐரிஷ் பேசிய ஏழைகள். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரிந்தவர்கள் மக்களில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த தலைமுறையில் பல மாவட்டங்களில் அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆளே இல்லை. பஞ்சத்துக்கு முன்னால் ஓடோனவன் கேட்டு எழுதியிருக்காவிட்டால், இன்று ஆராய்ச்சியாளர்கள் கையில் ஆங்கில மேலோட்டைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்காது. வரைபடம் பெயரை மறைத்தது, அதே அலுவலகத்தின் நோட்டுப் புத்தகம் அதைக் காப்பாற்றியது. இரண்டும் உண்மை.

அந்த 'எச்' எதற்கு?

ஐரிஷ் எழுத்துமுறையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் 'எச்'சைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். தமிழ் வாசகருக்கு இது அவ்வளவு புதிதில்லை. 'கடல்' என்பதில் வரும் 'க'வும் 'பகல்' என்பதில் வரும் 'க'வும் நமக்கு ஒரே எழுத்து, ஆனால் இரண்டாவது மெலிந்து ஒலிக்கிறது. ஐரிஷிலும் மெய்கள் சில இடங்களில் மெலியும். அவர்கள் அதை எழுத்தில் காட்டிவிடுகிறார்கள். மெலிந்த மெய்க்குப் பின்னால் ஓர் 'எச்' போடுவார்கள். 'பி'யோ 'எம்'மோ 'எச்'சுடன் சேர்ந்தால் பொதுவாக 'வ' ஒலி. 'டி'யும் 'எஸ்'ஸும் 'எச்'சுடன் சேர்ந்தால் வெறும் 'ஹ'. மேலே வந்த 'ஆஹா'வை 'ஏ, டி, எச், ஏ' என்றுதான் எழுதுவார்கள். 'எஃப்'புடன் சேர்ந்தால் சத்தமே இருக்காது, இரண்டும் ஊமை. மரபான ஐரிஷ் அரிச்சுவடியில் பதினெட்டே எழுத்து, 'வி' கிடையாது. 'வ' ஒலி வேண்டுமென்றால் இப்படிக் கூட்டித்தான் எழுத வேண்டும்.

முன்பு இந்த 'எச்' இல்லை. பழைய ஐரிஷ் எழுத்துருவில் மெலிந்த மெய்யின் மேல் ஒரு புள்ளி வைப்பார்கள். நமக்குப் புள்ளி வைத்தால் உயிர் போகும், அவர்களுக்கு மெய் மெலியும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தட்டச்சுக்கும் அச்சுக்கும் வசதியாகச் சாதாரண ரோமன் எழுத்துக்கு மாறினார்கள். 1960களில் பள்ளிப் புத்தகங்களும் மாறின. புள்ளி போய் 'எச்' வந்தது, சொற்கள் நீளமாகிவிட்டன.

மெய் எப்போது மெலியும்? சந்தியைப் போல, பக்கத்துச் சொல்லைப் பொறுத்து. ஆனால் நமக்குப் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நடக்கும் மாற்றம் அவர்களுக்குச் சொல்லின் தலையில் நடக்கும். கில்கென்னியைப் பிரித்துப் பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர், பெயர் 'கன்யஹ்'. 'அவருடைய' என்று உடைமையில் சொன்னால் கடைசி மாறி 'கன்யீ'. அதற்கு முன்னால் 'கில்' என்ற பெண்பால் சொல் நிற்பதால் முதலெழுத்து மெலிந்து, தொண்டையில் உரசும் 'ஹன்யீ'. ஆக 'கில் ஹன்யீ', கன்யஹின் தேவாலயம். அவர் பெயரில் பேராலயம் இன்றும் அந்நகரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் இந்த மெலிவைக் கண்டுகொள்ளாமல் 'கென்னி' என்று எழுதினார். வாட்டர்ஃபோர்ட் மாவட்டக் கடற்கரை ஊரான 'ட்ரமோர்' ஐரிஷில் 'த்ரா வோர்', பெரிய கடற்கரை. அங்கேயும் பலகையின் மேல் வரியில் 'எம்'முக்குப் பின்னால் 'எச்' நிற்கும், கீழ் வரியில் வெறும் 'எம்'.

சின்ன 'என்', பெரிய 'ஜி' என்று முதலில் கேட்டேனே, அது டனிகால். 'கால்' என்றால் அந்நியர், இங்கே வைக்கிங்குகள். 'அந்நியர்களின்' என்று பன்மையில் சொல்லும்போது முன்னால் வரும் 'நா'வின் தாக்கத்தில் முதல் மெய் மூக்கொலியாக மாறிவிடும். 'தூன் நா ஙால்', அந்நியரின் கோட்டை. நம்முடைய 'ங'வுக்கு இப்படியொரு வேலை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதும்போது புதிதாக வந்த ஒலியைச் சின்ன எழுத்தில் முன்னால் போட்டு, மூலப் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகவே விட்டுவிடுவார்கள். எது மாற்றம், எது பெயர் என்று பார்த்தவுடன் தெரியும். நல்ல ஏற்பாடு.

தலையில் இருக்கும் சாய்ந்த கோடு நெடிலைக் காட்டும். 'எஸ்' பக்கத்தில் 'ஐ' அல்லது 'ஈ' இருந்தால் பெரும்பாலும் அது 'ஷ' ஆகும். ஆங்கிலத்தில் 'ஷான்கில்' என்று 'எஸ்எச்' போட்டு எழுதுவது அதனால்தான். பெல்ஃபாஸ்டில் ஷான்கில் சாலை பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புபவர்களின் கோட்டை. பெயரோ பச்சை ஐரிஷ், பழைய தேவாலயம். வடக்கில் ஆங்கிலமல்லாத மொழியில் தெருப்பலகை வைக்கக் கூடாது என்று 1949இல் ஒரு சட்டம் போட்டார்கள், அது 1995 வரை இருந்தது. பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர்களில் பாதி ஆங்கிலமே இல்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எழுத்துச் சீர்திருத்தமும் பெயர் மாற்றமும்

பழைய ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் பேச்சில் மறைந்துபோன மெய்கள் ஏராளம். 1945இல் நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவு புதிய எழுத்துக்கூட்டலை வெளியிட்டது. 1958இல் இலக்கணத்தோடு சேர்த்து அதிகாரபூர்வத் தரம் வந்தது. ஊமையாய் நின்ற எழுத்துகளை வெட்டினார்கள். 'போர்ட்லீஷ்' நகரம் நல்ல உதாரணம். அதற்கு ஆங்கிலேயர் காலப் பெயர் மேரிபரோ, மேரி அரசியின் பெயர். 1929இல் ஐரிஷ் பெயருக்கு மாற்றியபோது பதின்மூன்று எழுத்தில் எழுதினார்கள். சீர்திருத்தத்துக்குப் பின் நடுவில் இருந்த 'ஜி', 'எச்', 'ஐ' மூன்றும் விழுந்து பத்தாயிற்று. டப்ளின் அருகே உள்ள துறைமுகம் 'டன் லீரி' இந்தக் கத்திரிக்குத் தப்பியது. 1821இல் நான்காம் ஜார்ஜ் அரசர் வந்து போனதை முன்னிட்டு கிங்ஸ்டவுன் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். 1920இல் பழைய பெயர் திரும்பியது, பழைய எழுத்துக்கூட்டலோடு. அதிலுள்ள 'ஜி'யும் 'எச்'சும் இன்றும் பேசாமல் நிற்கின்றன.

கார்க் துறைமுகத்தில் இருக்கும் 'கோவ்' கதை வேறு மாதிரி. டைட்டானிக் கப்பல் 1912இல் கடைசியாக நின்று ஆளேற்றியது இங்கேதான், அப்போது பெயர் குவீன்ஸ்டவுன். 1849இல் விக்டோரியா அரசி வந்ததற்காக வைத்த பெயர். 1920களின் தொடக்கத்தில் அதை நீக்கி 'சி, ஓ, பி, எச்' என்று எழுதினார்கள். பார்த்தால் அக்மார்க் ஐரிஷ். ஆனால் ஐரிஷில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது! விரிகுடாவுக்கான ஆங்கிலச் சொல்லான 'கோவ்'வையே, 'வி' இல்லாத அரிச்சுவடியில் 'பி, எச்' போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தர்கள் நூற்றாண்டுகளாய்ச் செய்ததை ஒரே ஒருமுறை திருப்பிச் செய்துவிட்டார்கள்.

சரியான ஐரிஷ் வடிவம் எது என்று யார் சொல்வது?

1946இல் இதற்கென்றே ஊர்ப்பெயர் ஆணையம் அமைத்தார்கள். அதன் ஆராய்ச்சியாளர்கள் செய்யும் வேலை துப்பறிவது மாதிரிதான். ஒரு டவுன்லேண்டை எடுத்துக்கொண்டு இடைக்கால வரலாற்றுக் குறிப்புகள், 1650களில் வில்லியம் பெட்டி நடத்திய நில அளவை, குத்தகைக் கணக்குகள், ஓடோனவனின் பெயர்ப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும் வடிவங்களை வரிசையாக அடுக்குவார்கள். உச்சரிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருந்தால் அதையும் கேட்பார்கள். பிறகு மூல வடிவத்தைத் தீர்மானித்து, இன்றைய எழுத்துக்கூட்டலில் எழுதி அமைச்சருக்குப் பரிந்துரைப்பார்கள். அமைச்சரின் ஆணை வந்தால்தான் அது சட்டப்படியான வடிவம். 2008 முதல் 'லோகனிம்' என்ற இணையத் தரவுத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பல பெயர்களுக்கு ஒலிப்பதிவும் பழைய ஆவணத் துண்டுகளும் சேர்த்தே இருக்கும். ஒரு பெயரைத் தேடப் போய் ஒரு மணி நேரம் தொலைப்பது நிச்சயம்.

பண்டிதர் முடிவை ஊர் ஏற்றுக்கொள்ளுமா? டிங்கிளைக் கேளுங்கள். கெர்ரி மாவட்டத்து மீன்பிடித் துறைமுகம், சுற்றுலாவால் பிழைக்கும் ஊர். ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கு 'கேல்டக்ட்' என்று பெயர். டிங்கிள் அதற்குள் வருகிறது. 2005 மார்ச்சில் ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தது: கேல்டக்ட் ஊர்களின் ஆங்கிலப் பெயர்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை, சாலைப் பலகையில் ஐரிஷ் மட்டும். டிங்கிள் 'அன் டேங்கன்' ஆனது, அதாவது 'கோட்டை'. ஊர் கொதித்தது. உலகமெல்லாம் டிங்கிள் என்று தெரிந்த ஊரைச் சுற்றுலாப் பயணி எப்படிக் கண்டுபிடிப்பான் என்பது ஒரு கவலை. ஐரிஷ் பேசுபவர்களுக்கும் குறை இருந்தது. ஊரின் முழுப்பெயர் 'டேங்கன் ஈ கூஷ்', கூஷ் வம்சத்தின் கோட்டை. அதை ஏன் வெட்டினீர்கள்? ஆஃபலி மாவட்டத்தில் வேறொரு டேங்கன் ஏற்கெனவே இருக்கிறதே? 2006இல் ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இரண்டு பெயரும் வேண்டும் என்றார்கள். 2011இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஆங்கிலத்தில் டிங்கிள், ஐரிஷில் டேங்கன் ஈ கூஷ் என்று முடித்து வைத்தது. ஊர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். எத்தனையோ டவுன்லேண்டுகளுக்குச் சரியாக இருக்கும் விதி, ஒரு கடைத்தெருவுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

அதே ஆணை கால்வே மாவட்டத்தில் ஒரு நன்மையும் செய்தது. அங்கே ஒரு டவுன்லேண்டின் ஆங்கில வடிவம் இருபத்திரண்டு எழுத்து, இடைவெளியே இல்லாமல். படிக்கவே மூச்சு வாங்கும். ஐரிஷில் அது நாலு எளிய சொற்கள்: 'முக்கெனஹ் இதிர் ஹா ஹாலே', இரண்டு உப்புநீர்களுக்கு நடுவே உள்ள பன்றிச் சதுப்பு. கேட்ட வேகத்தில் நாலையும் ஒட்டி எழுதியவர் வைத்த ரயில் வண்டி அது. இப்போது சட்டப்படி அது இல்லை.

கடைசியாக ஒரு பலகையை நீங்களே படித்துப் பாருங்கள். மோனஹன் மாவட்டத்தின் தெற்கே, கைப்பின்னல் லேஸுக்குப் பேர்போன சந்தை ஊர் ஒன்று இருக்கிறது. கீழ் வரியில் 'கேரிக்மக்ராஸ்'. 'கேரிக்' பாறை என்று இப்போது தெரியும். 'மக்' என்றால் ஐரிஷ், ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர்களில் மகன். அப்படியானால் ராஸின் மகனுடைய பாறையா? மேல் வரிக்குப் போங்கள். 'கேரிக் வஹரே ரோஷ்'. இரண்டாவது சொல்லில் 'எம்'முக்குப் பின்னால் 'எச்'. மெலிவை எடுத்துவிட்டால் 'மஹரே', சமவெளி. ரோஷ் என்ற நிலப்பகுதியின் சமவெளியில் நிற்கும் பாறை. மகன் யாரும் அங்கே கிடையாது.